கோதுமை படாத மா

கிளிநொச்சியில் கலப்படம் இல்லாத, உடம்புக்கு ஏற்ற சாப்பாட்டுச் சாமான் எங்கே வாங்கலாம் என்று யாராவது எங்கள் பாடசாலையில் விசாரித்தால், ஆசிரியர் அறையில் எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டுவார்கள். "ரீச்சரைக் கேளுங்கோ, அவா எல்லாக் கடையையும் அளந்து முடிச்சிட்டா" என்பார்கள். நானும் வழி சொல்லுவேன். பேருந்து நிலையத்தைத் தாண்டி, சந்தைக்குப் பின்பக்கம், தையல் கடைக்கு அடுத்தது, நீலக் கதவு. சொல்லி முடிப்பதற்குள் முகம் சுடத் தொடங்கிவிடும். ஏன் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

தொடங்கியது மகளின் பாடசாலைச் சட்டையில். முதலாம் ஆண்டுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை மூன்றாம் ஆண்டிலும் அவளுக்கு அளவாக இருந்தது. "எனக்குத் துணிச் செலவு மிச்சம்" என்று நான் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். கையும் காலும் ஈர்க்குப் போல இருக்க, வயிறு மட்டும் முன்னுக்கு நின்றது. கிழமைக்கு மூன்று நாள் வயிற்றோட்டம். பூச்சி என்று மருந்து கொடுத்தேன். கண்ணூறு என்று அயலில் ஒருவர் சொல்ல, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நான் விஞ்ஞானப் பாடம் படிப்பிக்கிற ஆள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியர் சோதனைகள் எல்லாம் செய்துவிட்டுச் சொன்னார். கோதுமை இந்தப் பிள்ளையின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. பாண், ரொட்டி, பிஸ்கட், நூடில்ஸ் ஒன்றும் கூடாது. கோதுமை மா பட்ட கரண்டியால் எடுத்த சோறும் கூடாது. மருந்து என்று ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் மருந்து. "மில்லில அரைச்ச மாவையும் குடுக்காதேங்கோ. உங்களுக்கு முன்னால யார் எதை அரைச்சவை எண்டு தெரியாது" என்றார்.

ஒரு மாதம் சோறு மட்டும் கொடுத்தேன். காலையில் சோறு, மத்தியானம் சோறு, இரவு சோறு. சட்டி, பானை, கரண்டி, கோப்பை எல்லாம் அவளுக்குப் புதிதாக வாங்கிக் குசினியில் தனித் தட்டில் அடுக்கினேன். வயிற்றோட்டம் நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை எத்தனை நாளைக்குக் காலையில் சோறு தின்னும்? ஒருநாள் கோப்பையைத் தள்ளிவிட்டு அழுதாள். "எனக்குப் புட்டு வேணும். அப்பா மட்டும் புட்டுச் சாப்பிடுறார்" என்றாள். அவளுடைய அப்பா அன்றைக்குத் தன் புட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கோழிக்கூட்டடியில் போய் நின்று சாப்பிட்டார்.

அப்படித்தான் நான் கடை தேடப் புறப்பட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கோதுமை ஒருநாளும் படாத மெசினில் அரைத்த மா.

முதலில் பிரதான வீதியில் இருக்கும் பெரிய குளிரூட்டிய கடைக்குப் போனேன். அங்கே உடம்புக்கு நல்லது என்ற பகுதியில் இருந்ததெல்லாம் வெளிநாட்டுப் பெட்டிகள். ஒரு பெட்டியை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு நின்றபோது, அங்கே வேலை செய்யும் பெண் வந்து, "மெலியிறதுக்கோ மிஸ்?" என்று கேட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது மூலிகைச் சாமான் விற்கும் ஒரு கடை. அங்கே முதலாளி எதைக் கேட்டாலும் "உடம்புக்கு நல்லது" என்பார். முருங்கையிலைத் தூள் உடம்புக்கு நல்லது, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா உடம்புக்கு நல்லது, அலுமாரிக்கு மேலே கிடந்த ஏதோ கறுப்பு எண்ணெயும் உடம்புக்கு நல்லது. "இந்தச் சத்துமாவில கோதுமை இருக்கோ?" என்று கேட்டேன். "ஓம் ஓம், நல்லா இருக்கு. கோதுமையும் உடம்புக்கு நல்லதுதானே" என்றார்.

வவுனியாவில் பெரிய கடை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். உண்மையில் பெரிய கடைதான். வரகு, சாமை, கேழ்வரகு என்கிற குரக்கன், சிவப்பரிசி எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் அழகாக இருந்தன. எல்லாப் பெட்டிக்கும் ஒரே அள்ளுகரண்டி. கோதுமைத் தவிட்டுக்குள் கிடந்த கரண்டியை எடுத்து எனக்குக் குரக்கன் அள்ளப் போனார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். அங்கே குரக்கன் பிஸ்கட் ஒன்று இருந்தது. பெரிய எழுத்தில் குரக்கன், பின்பக்கம் எறும்பு எழுத்தில் கோதுமை மா. வீட்டுக்கு வந்து என் அலுமாரியில் இருந்த பெருங்காயத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் கோதுமை மா. அன்று முதல் பக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்காமல் நான் எதையும் தொடுவதில்லை. கடைக்காரர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. உண்மையைச் சொன்னால், ஆட்களைக் கேள்வி கேட்டு மடக்குவது எனக்குப் பிடித்தமான வேலை.

நீலக் கதவுக் கடையைத் தற்செயலாகத்தான் கண்டேன். சட்டை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் அரைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒடுங்கிய கடை. ஒரு பக்கம் சாக்குகளில் தானியம், மறுபக்கம் சிறிய மெசின், நடுவில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் என் வயது இருக்கும் ஒரு பெண் கதிரையில் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடதாசியில் சுற்றிய இரண்டு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

"வாங்க டீச்சர்" என்றார். கையில் இருந்த கொப்பிக்கட்டைப் பார்த்திருப்பார். அந்த ஒரு சொல்லிலேயே ஆள் மலைநாட்டுப் பக்கம் என்று எனக்கு விளங்கிவிட்டது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"நீர் எந்த ஊர்?"

"முரசுமோட்டைங்க டீச்சர்."

"அதுக்கு முதல்?"

"நான் பொறந்ததே அங்கதான். அப்பா அம்மா மலைநாட்டுல தோட்டத்துலருந்து வந்தவங்க."

இந்தக் கேள்வியை நான் வவுனியாக் கடைக்காரரிடம் கேட்கவில்லை. மூலிகைக் கடை முதலாளியிடமும் கேட்கவில்லை. அவர்களை நீங்கள் என்றுதான் கூப்பிட்டேன்.

மகளின் வருத்தத்தைச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு ரொட்டியைக் கடதாசியோடு மடித்து எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போனார். கை கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஈரத்துணியால் மேசையை இரண்டு தரம் துடைத்தார். அதற்குப் பிறகுதான் மாவைத் தொட்டார். "இந்த மெசின்ல குரக்கன், சிவப்பரிசி, உளுந்து, பயறு, அவ்வளவுதான் டீச்சர். கோதுமை போட்டதே இல்ல. வேணும்னா கழட்டிக் காட்டுறேன்" என்றார். கழற்றியும் காட்டினார். இத்தனை கடை ஏறி இறங்கியதில் என் கேள்விக்கு முதல் தரத்திலேயே பதில் கிடைத்த ஒரே இடம் அதுதான். சுத்தமான ஆள் என்று மனதுக்குள் புள்ளி போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் குரக்கன் புட்டு. மகள் வாழைப்பழத்தைப் பிசைந்து, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாள். அவளுடைய அப்பா கோழிக்கூட்டடியிலிருந்து திரும்பி வந்து மேசையில் எங்களோடு இருந்தார். நான் ஆசிரியர் அறையில் அந்தக் கடையைப் பற்றிப் பெரிய பிரசங்கமே செய்தேன். நாலு பேர் அங்கே வாங்கத் தொடங்கினார்கள்.

பத்து நாள் போகவில்லை, வயிற்றோட்டம் திரும்ப வந்தது. பிறகு வயிறு ஊதியது. கன்னத்துச் சதை வந்த வழியே போனது. ஒருநாள் காலை வணக்கத்தில் வரிசையில் நின்றவள் அப்படியே மண்ணில் இருந்துவிட்டாள். நான் அதே பாடசாலையில் இருந்தும், வேறொரு ரீச்சர் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் தந்தார். தூக்கினால் பாரமே இல்லை.

அன்றிரவு நான் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மாதிரி யோசித்தேன். ஒரு மாதம் சோறு: பிள்ளை நல்லாக இருந்தாள். பிறகு மாறியது என்ன? மா. வேறொன்றும் மாறவில்லை. அப்படியானால் மாவில்தான் கோதுமை. அவ்வளவு தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை சந்தை நாள். நீலக் கதவுக் கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதி, இரண்டு பேர் என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பேசலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆட்கள் நின்றது வசதி என்றுதான் பட்டது.

"நீர் எனக்கு என்ன மா தந்தனீர்?" என்று கேட்டேன்.

"குரக்கன் மாதானே டீச்சர். ஏன்?"

"அப்ப என்ர பிள்ளை ஏன் திரும்பவும் விழுந்து கிடக்கிறா? உண்மையைச் சொல்லும். எவ்வளவு கோதுமை கலந்தனீர்?"

அவர் தராசில் இருந்த பொதியை இறக்கி வைத்தார். "ஐயோ, நான் கலக்கலைங்க டீச்சர். சத்தியமா இல்ல. புட்டு அவிக்கிற சாமான்லாம் பாப்பாவுக்கு வேறயா வச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. குசினி முழுவதும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிற எனக்கு, விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு, இந்தக் கடைக்காரி பாடம் எடுக்கிறாளா என்று வந்தது. அப்படி ஏகவசனத்தில்தான் மனதில் வந்தது.

"எனக்கு நீர் படிப்பிக்கத் தேவையில்லை" என்றேன். "உங்கட ஆக்களுக்குக் கோதுமை மா இல்லாமல் கை ஓடாது எண்டு எல்லாருக்கும் தெரியும். ரொட்டி தட்டின கையோட வந்து மா கட்டினால் இப்பிடித்தான்."

தாதி தான் எடுத்து வைத்திருந்த மாவை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பையை மூடினார். கடைக்காரப் பெண் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருதரம் பார்த்தார். பிறகு, "சரி டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நியாயத்துக்காகக் கதைத்த ஆளின் நடை நடந்தேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் மற்ற நாலு பேருக்கும் சொன்னேன். அவர்களும் அங்கே வாங்குவதை விட்டார்கள்.

ஒன்றை இங்கே எழுதாமல் போனால் இதை எழுதியே பிரயோசனம் இல்லை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த மாதங்களில் எங்களை உயிரோடு வைத்திருந்தது நிவாரணத்துக்குக் கிடைத்த கோதுமை மாதான். அம்மா வரிசையில் நின்று வாங்கி வருவா. தேங்காய் இல்லை, உப்பும் சில நாள் இல்லை. தகரத்தில் சுட்ட அந்த ரொட்டியை நானும் தங்கச்சியும் சரிபாதியாகப் பிய்த்துத் தின்றிருக்கிறோம். வன்னியில் அந்தக் காலம் ரொட்டி தட்டாத கை யாருடையது? எனக்கு இது தெரியும். அந்தக் கடையில் நின்று வாயைத் திறந்தபோதும் தெரியும்.

மாவை மாற்றினேன். குளிரூட்டிய கடைக்கே திரும்பப் போய், ஒட்டி மூடிய வெளிநாட்டுப் பெட்டி வாங்கினேன். அதிலும் புட்டு அவித்தேன். மகளுக்குக் குணமாகவில்லை. பழைய மா இன்னும் குடலில் நிற்கிறது, ஆற நாள் எடுக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். நீலக் கதவுக் கடையில் வாங்கிய மாவில் முக்கால் பொதி மிச்சம் இருந்தது. வீசாமல், கோழிக்குக் குழைத்துப் போடலாம் என்று பின்கதவடியில் வைத்தேன்.

பாடசாலை விடுமுறை வந்தது. பூநகரியில் இருக்கும் என் தங்கச்சி வந்து, "பிள்ளையை ரெண்டு கிழமை நான் வைச்சிருக்கிறன், நீங்கள் கொஞ்சம் படுத்தெழும்புங்கோ அக்கா" என்றாள். அவளுக்குச் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது எல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பூநகரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி இருந்து மகள் கை காட்டினாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் தங்கச்சி தொலைபேசியில் படம் அனுப்பினாள். கடனீரேரிக் கரையில் மகள் ஒரு கையில் இறாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கன்னம் உருண்டிருந்தது. உடனே அழைத்தேன்.

"என்னடி குடுக்கிறாய்?"

"நீங்கள் எழுதித் தந்ததுதான். காலமையில புட்டு, மத்தியானம் சோறு."

"என்ன மாவில புட்டு? நான் தந்த பெட்டி ஒரு கிழமைக்குத்தானே காணும்?"

"அந்தப் பெட்டி மா ஏதோ மருந்து மாதிரி மணக்குதெண்டு அவா தொடேல்லை. பின்கதவடியில ஒரு குரக்கன் மாப் பொதி கிடந்துது, நல்ல வாசமாய் இருந்துது, அதையும் கொண்டந்தனான். வந்த நாள் தொட்டு அதுதான்."

கோழிக்கென்று நான் ஒதுக்கி வைத்த அதே மா. "எதில அவிக்கிறாய்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. வேறொருவர் கேட்ட கேள்வி என் வாயால் வந்தது போல இருந்தது.

"புட்டுக் குழல்லதான். நீத்துப்பெட்டியைப் போன மாதம் ஆடு திண்டிட்டுதெல்லோ. புதுசு வாங்கேல்லை."

நீத்துப்பெட்டி. பனையோலையில் கூம்பாக இழைத்த, புட்டு அவிக்கிற பெட்டி. எங்கள் வீட்டில் அதை யாரும் கழுவுவதில்லை. அவித்து முடிந்ததும் தலைகீழாக ஒரு தட்டு, பிறகு அடுப்புக்கு மேலே ஆணியில் கொளுவிவிடுவோம். ஆவியில் தானே சுத்தமாகிவிடும் என்பது எங்கள் கணக்கு. சட்டியை மாற்றினேன், பானையை மாற்றினேன், உப்புச் சிரட்டையைக்கூட மாற்றினேன். நீத்துப்பெட்டி ஒரு பாத்திரம் என்றே என் மூளையில் பதிவாகவில்லை. மகளின் அப்பாவுக்குக் கோதுமை மாப் புட்டு அவித்து, தட்டி, அதற்குள்ளேயே மகளுக்குக் குரக்கன் புட்டு அவித்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும், என் கையால்.

ஆணியில் இருந்து அதை எடுத்துச் சுடுதண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. வருடக்கணக்காக ஓலை இடுக்கில் இருந்த மா. மகள் மண்ணில் இருந்துவிட்ட அந்தக் காலை நினைவுக்கு வந்தது. குசினி நிலத்தில் வாளிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். மகளுக்காகக் கொஞ்சம், அந்தக் கடைப் பெண்ணின் கேள்விக்காகக் கொஞ்சம். கேட்ட அன்றைக்கே நான் வீட்டுக்கு வந்து குசினியை ஒருதரம் பார்த்திருந்தால், பிள்ளைக்கு ஒரு மாத வேதனை மிச்சம்.

புதன்கிழமை பின்னேரம் நீலக் கதவுக்குப் போனேன். கடையில் ஒருவரும் இல்லை. முன்பு முன்னால் இருந்த மாப் பொதிகளை உள்ளே தள்ளி வைத்து, அந்த இடத்தில் முழுத் தானியம் வைத்திருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். "பாப்பாவுக்கு எப்பிடி இருக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

"பரவாயில்லை" என்றேன். அரைக் கிலோ பயறு வாங்கினேன். வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே பயறு நிறைய இருந்தது.

சொல்லாமல் வந்ததற்கு ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்தேன். ஆட்களுக்கு முன்னால் ஏசினதை ஆட்களுக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். ஆள் இல்லாத நேரம் காதுக்குள் சொல்லிவிட்டுப் போவது பெருந்தன்மை இல்லை. காரணம் சரிதான். பயமும் இருந்தது.

சனிக்கிழமை போனேன். மத்தியானம் ஆகிற நேரம். நாலைந்து பேர் நின்றார்கள். நான் ஏசிய அன்று நின்றவர்களில் ஒருவர்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் தொடங்கினேன்.

"எல்லாரும் ஒருக்கால் கேளுங்கோ. இந்தக் கடை மாவில கோதுமை கலந்திருக்கெண்டு நான் முந்தி ஒருநாள் இதில நிண்டு சொன்னனான்..."

அது பிழை என்று சொல்ல வந்த வசனம். அதற்குள், இரண்டு மாப் பொதியைக் கையில் வைத்திருந்த ஒரு முதிய பெண் என்னையும் பொதியையும் மாறி மாறிப் பார்த்தார். "கோதுமை கலக்கினமோ?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். "இல்லையம்மா, இல்லை, அது என்ர பிழை, என்ர நீத்துப்பெட்டி" என்று நான் அவசரமாகச் சொல்லத் தொடங்க, என்ன நீத்துப்பெட்டி, யாருடைய நீத்துப்பெட்டி என்று அவருக்கு இன்னும் குழம்பியது. பொதிகளை மேசையில் வைத்தார். "பேந்து வாறன் பிள்ளை" என்று கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"டீச்சர்" என்றார் கடைப் பெண், மெல்ல. "போதுங்க. யாவார நேரம்."

நான் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடை வெறுமையானதும் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி, ஆடு தின்ற நீத்துப்பெட்டி, கோழிக்கு வைத்த மா, வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். "நீங்கள் கேட்டது சரி. நான்தான் பிழை. உங்கட மா சுத்தமான மா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். முதல் தரமாக அவரை நீங்கள் என்று கூப்பிட்டேன்.

அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாவ பத்திப் பேசினத நான் பெருசா எடுக்கல டீச்சர். புள்ளைக்கு முடியலேன்னா பெத்தவ என்னதான் பேசமாட்டா. மத்தது..." என்று தொடங்கினார். நிறுத்திவிட்டார். துணியை மடித்து வைத்தார். "பாப்பா தேறினது சந்தோசம்" என்றார்.

மத்தது எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். வாளித் தண்ணீர் கலங்கிய கதையைச் சொல்லி, என் அறிவில் விழுந்த ஓட்டையை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தேன். மற்றதற்கு இன்னும் வாய் திறக்கவே இல்லை.

அவர் பின்கதவைத் திறந்தார். கதவுக்கு வெளியே ஒரு ஆணியில் பை தொங்கியது. அதிலிருந்து கடதாசிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். நானும் பின்னால் போனேன். கடைக்குப் பின்னால் இரண்டு முழ இடம், பிறகு மதில். நிழல் இல்லை. உச்சி வெயிலில் சுவரோடு ஒட்டி நின்று, அவர் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"ஏன் வெயிலுக்குள்ள நிண்டு? உள்ள கதிரை இருக்குத்தானே" என்றேன்.

"உள்ள பாப்பாவோட மா இருக்கே டீச்சர்" என்றார். "துளி கூட படக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல."

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"நீங்க மொத மொத வந்து சொன்ன நாள்லருந்துதான்."

அப்படியானால் அந்தச் சனிக்கிழமையும். நான் ரொட்டி தட்டின கை என்று சொன்ன அன்றும், அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே வராத வாரங்களிலும், இந்தப் பெண் என் பிள்ளைக்காக இங்கே நின்றுதான் சாப்பிட்டிருக்கிறார்.

சாப்பிட்டு முடித்ததும் வாளித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம். மகளுக்குச் சோறு போட முதல் நான் அப்படிக் கழுவியதில்லை.

"அண்டைக்கு நான் உங்கட ஆக்கள் எண்டு சொன்னது..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உதறித் துடைத்துக்கொண்டார். என் முகத்தை நேராகப் பார்த்தார். "பாப்பா பசியோட இருக்கும். போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கதையை அவர் என்னிடமிருந்து வாங்கத் தயாராக இல்லை.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். இந்த வருடம் அவளுக்குப் புதுச் சட்டை தைத்தோம். அளவு இரண்டு விரல் கூடியிருந்தது. புது நீத்துப்பெட்டி ஒன்று அவளுக்கென்று தனியாகச் சிவப்புத் துணி கட்டித் தொங்குகிறது. ஆசிரியர் அறையில் மாவைப் பற்றிச் சொன்னது பிழை என்று சொல்லிவிட்டேன். அந்த நாலு பேரும் திரும்ப அங்கே வாங்குகிறார்கள். அவர்கள் அனுப்பிய ஆட்களும் வாங்குகிறார்கள். அந்தக் கடையில் நின்று நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

நானும் அங்கேதான் வாங்குகிறேன். பொதியை ஒட்டி மூடி வைத்தால் போதும், நீங்கள் உள்ளே இருந்தே சாப்பிடலாம் என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். "பழகிருச்சு டீச்சர்" என்கிறார். காலையில் பாடசாலைக்கு முதல் போவேன், இல்லாவிட்டால் பின்னேரம் போவேன். மத்தியானத்தில் அந்தப் பக்கம் போவதில்லை.